டப்பாவுக்குள் பஞ்சு

பேருந்தில் போகும்போது மாத்திரை டப்பா குலுங்கும். முப்பது மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பா, பாதி காலியானதும் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதனால் எங்கள் சென்டரில் மருந்து வாங்குகிறவர்கள் பலரும் டப்பா கைக்கு வந்ததும் முதலில் லேபிளைக் கிழிப்பார்கள். அப்புறம் உள்ளே பஞ்சு திணிப்பார்கள். பஞ்சு கொண்டுவர மறந்தவர்களுக்கு நானே கொடுப்பேன். ஊசி போடும் அறையிலிருந்து ஒரு ரோல் எடுத்துவந்து ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஸ்டாக் ரெஜிஸ்டரில் அந்தப் பஞ்சுக்குக் கணக்குக் கிடையாது.

கொங்குப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. சென்டரில் மருந்தாளுநராக இருந்தேன். 2006-ல் அங்கே போனேன், 2023-ல் ஓய்வு பெற்றேன். ஏ.ஆர்.டி. என்றால் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து. போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பயோடெக்னாலஜி படிக்கிறான். "இனிமே எல்லாம் ஆளுக்கு ஏத்த மருந்துதான் மாமா. ஜீனைப் பார்ப்பாங்க, வைரஸோட ஜீனையும் பார்ப்பாங்க, கம்ப்யூட்டர் மருந்து சொல்லிடும். உங்க காலத்துல எல்லாருக்கும் ஒரே மாத்திரைதானே?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவன் போன பிறகுதான் அந்த "ஆமாம்" உறுத்த ஆரம்பித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் ஊர், தொழில், வயது எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2004 ஏப்ரல் 1-ம் தேதி இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவச கூட்டு மருந்தை ஆரம்பித்தது. காசநோய்க்காக 1928-ல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. இரண்டு வருடம் கழித்து நான் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தபோதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரே கலவைதான்: ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். மூன்றும் ஒரே மாத்திரையில், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அறுபது கிலோவுக்கு மேல் இருந்தால் ஸ்டாவுடின் 40 மில்லிகிராம், கீழே இருந்தால் 30. அளவெடுத்துக் கொடுப்பது என்றால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஓர் எடை மெஷின்தான்.

குறையாகச் சொல்லவில்லை. 2001-க்கு முன்னால் இந்த மூன்று மருந்துகளுக்கு ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும். அந்த வருடம் சிப்லா கம்பெனி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடம் 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. ஒரே கலவை, ஒரே மாத்திரை, எல்லோருக்கும் என்பதால்தான் அந்த விலை கட்டுப்படியானது. தூளி கட்டித் தூக்கிவரப்பட்டவர்கள் மூன்று மாதத்தில் நடந்து வந்து மருந்து வாங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்த யாரும் அந்த ஒரே மாத்திரையைக் கேலி செய்யமாட்டார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. ஸ்டாவுடின் ஒன்றிரண்டு வருடத்தில் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். கை காலில் நரம்பு புடைத்து நிற்கும், சிலருக்கு வயிறு மட்டும் பெருக்கும். பாதம் தீயில் வைத்தமாதிரி எரியும் என்பார்கள். உயிர் பிழைத்து, எடை போட்டு, வேலைக்குத் திரும்பியவர்களை அந்த ஒட்டிய கன்னம் காட்டிக்கொடுத்தது. ஒரு பெரியவர் சொன்னார்: "ஏனுங்க சார், நோயி வந்தப்ப ஒருத்தனுக்கும் தெரியல. மருந்து சாப்பிட்டப்புறந்தான் ஊருக்கே தெரிஞ்சு போச்சு." உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஸ்டாவுடினைப் படிப்படியாக விடச் சொன்னது. அதற்குப் பதிலாக ஜிடோவுடின் கொடுத்தால் வேறு தொல்லை, ரத்தம் குறையும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று இருக்கும் நம் பெண்களுக்கு அதை எப்படிக் கொடுப்பது? சிலருக்கு நகம் வேறு கறுத்துப்போகும். டெனோஃபோவிர் வந்தபோது அப்பாடா என்றிருந்தது. அது சிறுநீரகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ஒல்லியான ஆட்களுக்கு அந்த ஆபத்து அதிகம். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் நாற்பத்தைந்து கிலோகூட இருக்கமாட்டார்கள்.

நெவிரபின் கதை இன்னும் வினோதம். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் அதிகமாக இருந்தால் உடம்பு திடமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சிடி4 250-க்கு மேல் உள்ள பெண்களுக்கு நெவிரபின் ஆரம்பித்தால் ஈரலைப் பாதிக்கும் ஆபத்து கூடுகிறது. ஆண்களுக்கு அந்த எல்லை 400. ஒரே வீட்டுக் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மாத்திரை சரிவராது என்பதை நான் முதலில் கற்றுக்கொண்டது இப்படித்தான். கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண். நல்லவேளையாக அன்றைக்கே வந்தார், நிறுத்தி எஃபவிரென்ஸுக்கு மாற்றினார்கள். அப்புறம் ஒரு மாதம் வரைக்கும், கனவில் செத்துப்போன மாமியார் தினமும் வந்து சண்டை போடுவதாகச் சொன்னார். எஃபவிரென்ஸுக்கு அந்தக் குணம் உண்டு, கனவுகளைக் கொட்டும். மாமியாரை நான் ரெஜிஸ்டரில் பக்கவிளைவு என்று எழுதிக்கொண்டேன்.

இதெல்லாம் உடம்பின் பக்கம். வைரஸின் பக்கம்தான் எனக்குப் புரியவே சில வருடம் பிடித்தது.

சிகிச்சை எடுக்காத ஓர் உடம்பில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கோடி வைரஸ்கள் புதிதாக உருவாகின்றன. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள் கொண்ட சங்கேதப் பிரதி. அதைப் படி எடுக்கும் நொதி, ப்ரூஃப் பார்க்காத அச்சகம் மாதிரி. சுமாராக மூன்று பிரதிக்கு ஒரு பிழை விடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த எழுத்து மாறினால் ஒரு மருந்து வேலை செய்யாதோ, அந்த எழுத்து மாறிய வைரஸ் ஒன்று தினமும் எங்கோ பிறந்துகொண்டிருக்கும். மருந்து அதை உண்டாக்குவதில்லை. மற்றவற்றையெல்லாம் அடக்கிவிட்டு அதற்கு இடம் விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மூன்று மருந்து. மூன்றுக்கும் தப்பிக்கும் மூன்று பிழைகள் ஒரே பிரதியில் விழுவது மிக அரிது.

இங்கே மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. நெவிரபினையும் எஃபவிரென்ஸையும் வீழ்த்த ஒரே ஒரு மாற்றம் போதும். அந்தப் படி எடுக்கும் நொதியின் 103-வது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் இரண்டுமே கையை விட்டுப் போகும். லாமிவுடினுக்கும் அப்படியே, 184-வது இடம். எங்கள் டாக்டர் ஒருவர் இந்த எண்களைப் பேருந்து நம்பர் மாதிரி சொல்லுவார். "நூத்தி மூணும் நூத்தி எம்பத்தி நாலும் வந்துருச்சு, இனி ஃபர்ஸ்ட் லைன் ஓடாது." ஃபர்ஸ்ட் லைன், அதாவது முதல் வரிசை, என்றால் முதலில் கொடுக்கும் கலவை. அது தோற்றால் கொடுப்பது இரண்டாம் வரிசை.

184-ஐப் பற்றி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்கு முதல் வரிசை மருந்து தோற்று, இரண்டாம் வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். புதுச் சீட்டிலும் லாமிவுடின் இருந்தது. "தோத்துப்போன மருந்தை எதுக்கு மறுபடியும் தர்றீங்க? ஸ்டாக் தீர்க்கவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் அப்போது பதில் தெரியாது. டாக்டரிடம் கேட்டுவந்து சொன்னேன். 184-ல் மாறிய வைரஸ் லாமிவுடினிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் அந்த மாற்றம் அதை நொண்டியாக்கிவிடுகிறது, படி எடுக்கும் வேகம் குறைகிறது. டெனோஃபோவிருக்கும் ஜிடோவுடினுக்கும் முன்னைவிட எளிதாக மாட்டிக்கொள்கிறது. லாமிவுடினை நிறுத்தினால் நொண்டாத பழைய வைரஸ் மறுபடி மேலே வந்துவிடும். ஆகவே தோற்ற மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பது வைரஸை நொண்டியாகவே வைத்திருக்கத்தான். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஃபெயிலான பையனைக் கிளாஸ் லீடர் ஆக்கற மாதிரி" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

இப்போது மலைக்குப் போனவர் கதை. மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில் மாலை போடுவார். விரதம் முழுக்க மாத்திரை ஒழுங்காகப் போடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேனில் பன்னிரண்டு சாமிகளோடு ஐந்து நாள் பயணம். இருமுடிக்குள் டப்பாவை வைக்க மனசு வரவில்லை. பையில் வைத்தால் யாராவது "என்ன சாமி மாத்திரை?" என்று கேட்பார்கள். அதனால் அந்த ஐந்து நாள் மட்டும் மொத்தமாக நிறுத்திவிடுவார். "அஞ்சு நாள்தானுங்களே. மூணு மருந்தையும் ஒண்ணா நிறுத்தி ஒண்ணா ஆரம்பிக்கறேன்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

மூன்றையும் ஒன்றாக நிறுத்தினாலும் மூன்றும் ஒன்றாக உடம்பை விட்டுப் போவதில்லை. மற்ற இரண்டும் ஓரிரு நாளில் போய்விடும். நெவிரபின் பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆகும், எஃபவிரென்ஸுக்கு இரண்டு நாள்வரைகூட. ஆக, பயணத்தின் பின்பாதியில் அவர் ரத்தத்தில் நெவிரபின் மட்டும் தனியாக, குறைந்துகொண்டே வரும் அளவில் இருக்கிறது. ஒரே மாற்றத்தில் வீழ்கிற மருந்து தனியாக நின்றால் என்ன ஆகும்? மூன்றாவது மலை முடிந்து அவர் சிடி4 சரிய ஆரம்பித்தது. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றிய திட்டத்திலும் இதே சிக்கல்தான் வந்தது. குழந்தைகள் பலர் தப்பித்தார்கள், ஆனால் அந்த ஒற்றை மாத்திரை உடம்பில் தேங்கி, சில தாய்மார்களின் வைரஸுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அவர் அதிகாரிகள் வீட்டு ஆளாக இருந்திருந்தால் சிடி4 சரியும் முன்பே வைரல் லோடு பார்த்திருப்பார்கள். ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்று எண்ணும் சோதனை அது. மருந்து தோற்பதை முதலில் சொல்வதும் அதுதான். எல்லோருக்கும் வழக்கமாக அதைச் செய்வது நம் தேசியத் திட்டத்தில் 2018-ல்தான் வந்தது. அதற்கு முன் சிடி4 இறங்கினாலோ, ஆள் இளைத்தாலோதான் சந்தேகமே வரும். அதற்குள் வைரஸ் தோற்ற மருந்தோடு பல மாதம் குடித்தனம் நடத்தி, ஒரு மாற்றத்துக்கு நாலு மாற்றம் சேர்த்துவிட்டிருக்கும். அப்புறம் நிபுணர் குழுவுக்குக் காகிதம் போகும், அவர்கள் பார்த்து இரண்டாம் வரிசைக்கு அனுமதி தருவார்கள். இரண்டாம் வரிசை மருந்தே இங்கே 2008 ஜனவரியில்தான் தாம்பரத்திலும் மும்பையிலும் சோதனை முறையில் ஆரம்பித்தது. சோதனையில் மிச்சம் பிடித்த காசை இரண்டாம் வரிசை மருந்தில் கொட்டினோம் என்பது என் கருத்து.

"வைரஸோட ஜீனைப் பார்ப்பாங்க" என்றான் மருமகன். பார்க்கலாம்தான், ஆனால் அந்தச் சோதனையும் எப்போது எடுத்தது என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும். கோவையில் தனியாரிடம் வருடக்கணக்கில் மருந்து வாங்கிய ஒரு வியாபாரி, தொழில் நொடித்துப் போய் எங்களிடம் வந்தார். கையில் பளபளவென்று ஒரு ரிப்போர்ட், ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்தது. எந்த மருந்துக்கும் எதிர்ப்பு இல்லை என்று இருந்தது. புதிதாக வந்த டாக்டர் அப்படியே எடுத்துக்கொள்ளப் பார்த்தார். எங்கள் ஆலோசகர் அம்மா, முப்பது வருடம் மனிதர்களோடு பேசிப் பழகியவர், ஒரே கேள்விதான் கேட்டார்: "ரத்தம் குடுத்த அன்னிக்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?" இல்லை, காசில்லாமல் நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது.

மருந்து இல்லாத இடத்தில் எதிர்ப்பு மாற்றங்கள் வைரஸுக்கு வெறும் சுமை. சில வாரங்களிலேயே பழைய, திடமான வைரஸ் அவற்றை முந்திவிடும். வழக்கமான சோதனை ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கிற வைரஸைத்தான் காட்டும், அதற்குக் கீழே போனது கண்ணில் படாது. ஆனால் அது அழிவதில்லை. பல வருடம் உறங்கிக் கிடக்கும் நோய் எதிர்ப்பு நினைவணுக்களுக்குள் பிரதி எடுத்து வைத்தமாதிரி இருக்கும். அதே மருந்தை மறுபடி ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடும். அதனால் பழைய சீட்டு, பழைய பில், எந்த வருடம் என்ன நிற மாத்திரை, எப்போது விட்டது என்பதெல்லாம் சோதனைக்குச் சமம். பலர் மறைப்பார்கள். முன்பு சாப்பிட்டேன் என்று சொன்னால் இலவச மருந்து தரமாட்டார்களோ என்று பயம். கேரளத்தில் ஒருவர் சூரணம் கொடுத்துக் குணமாக்குகிறார் என்று ஆறு மாதம் அங்கே போனதைச் சொல்ல வெட்கம். இதையெல்லாம் கேட்டு வாங்க ஒரு மெஷினும் கிடையாது. ஒரு நாற்காலியும் அரை மணி நேரமும் வேண்டும். எங்கள் சென்டரில் எப்போதும் பற்றாக்குறையாக இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

மனிதனின் ஜீனைப் பார்த்துக் கொடுப்பதும் புதிதல்ல என்று அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். அபகாவிர் என்ற மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் உயிரே போகலாம். எச்.எல்.ஏ.-பி 5701 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் அது வருகிறது. ரத்தத்தில் அதை முன்கூட்டியே பார்த்தால் தவிர்த்துவிடலாம் என்று ஏறக்குறைய 2,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2008-ல் காட்டியது. ஆளுக்கேற்ற மருத்துவம் என்று மேடையில் பேசுகிறவர்கள் காட்டும் நல்ல உதாரணம் இது. ஒரு சோதனை, ஒரு பதில், ஆமாம் அல்லது இல்லை. எங்கள் ஜன்னலுக்கு வந்த சிக்கல்கள் எதுவும் இவ்வளவு சுத்தமாக இல்லை.

உதாரணத்துக்கு, கேஸ் மாத்திரை. நம் ஊரில் வயிற்றில் எரிச்சல், நெஞ்சு கரிப்பு, ஏப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் "கேஸ்", ஒரே தீர்வு பாண்டப்ரசோல். யாரும் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். "கேஸுக்கு?" என்று தனியாகக் கேட்டால், "அது தினமும்ங்க" என்பார்கள். இரண்டாம் வரிசையில் கொடுத்த அட்டாசனவிர், வயிற்று அமிலம் இருந்தால்தான் கரையும். கேஸ் மாத்திரை அமிலத்தை அடக்கிவிட்டால் ரத்தத்துக்கு மருந்தே போய்ச்சேராது. அட்டாசனவிருக்கு இன்னொரு வேடிக்கை, கண்ணை மஞ்சளாக்கும். ஈரலுக்கு ஒன்றும் ஆவதில்லை, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி மட்டும் ஏறும். ஒருமுறை என்னிடம் ஒருவர் கண் வெளுத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். ரெகுலராகப் போடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தால் ஒரு மாதமாக மாத்திரையையே தொடவில்லை. கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்ப்பது அதற்குப் பிறகு எனக்குப் பழக்கமாகிவிட்டது.

காசநோயும் சேர்ந்து வந்தால் இன்னொரு கணக்கு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாக எரிக்க வைக்கும். மஞ்சள் காமாலை பி வைரஸும் சேர்ந்து இருந்தால் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்து அடக்கும். எச்.ஐ.வி.க்கு மருந்து மாற்றுகிறோம் என்று இவற்றைச் சட்டென்று எடுத்தால் ஈரல் கொதித்துவிடும். நோயாளியின் சிகிச்சை விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தின் ஒரு மூலையில் எழுதியிருக்கும் இந்த ஒரு வரியைப் பார்க்காமல் மாற்றிய சீட்டு ஒன்றை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டாக்டருக்குக் கோபம்தான். ஆனால் மாற்றிக் கொடுத்தார்.

சரி, டோலுடெக்ராவிருக்கு வருகிறேன். இப்போது பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிற ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடினோடு இருக்கும் மூன்றாவது மருந்து அது. எதிர்ப்பு அவ்வளவு எளிதில் வராது. 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த மருந்து சாப்பிடும்போதே கருத்தரித்த 426 பெண்களில் நான்கு பேரின் குழந்தைகளுக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு. நூற்றுக்கு 0.94. மற்ற மருந்துகள் எடுத்த பெண்களில் 0.12. பல நாடுகள் பெண்களுக்கு வேண்டாம், ஆண்களுக்கு மட்டும் என்று நின்றன. ஆளுக்கேற்ற சிகிச்சை என்ற பெயரில், குழந்தை பெறும் வயதில் இருக்கிற எல்லாப் பெண்களையும் கர்ப்பப்பையாக மட்டும் பார்த்த காலம் அது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் ஒன்றுகூடி, எங்களுக்கும் சேர்த்து நீங்களே முடிவு செய்யாதீர்கள், விவரத்தைச் சொல்லுங்கள், நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம் என்றார்கள். கணக்கில் ஆட்கள் சேரச் சேர அந்த 0.94, அடுத்த வருடமே 0.3 ஆனது, பிறகு இன்னும் இறங்கி மற்ற மருந்துகளின் பக்கத்தில் வந்து நின்றது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதையே பரிந்துரைத்தது.

2021-ல் உகாண்டா, கென்யா, ஜிம்பாப்வேயில் 464 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு எங்கள் டாக்டரையே அசைத்துவிட்டது. முதல் வரிசை தோற்றவர்கள், டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டுக்கும் எதிர்ப்பு உள்ளவர்கள்கூட, அதே இரண்டோடு டோலுடெக்ராவிரைச் சேர்த்துக் கொடுத்ததும் சுமார் 90 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. எதிர்ப்புச் சோதனை பார்த்துப் பார்த்துக் கோத்த சேர்க்கைகளுக்குப் பெரிய மதிப்பு இல்லாமல் போனமாதிரி இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற இடத்துக்கே திரும்பி வந்திருந்தோம், ஆனால் இந்த முறை கன்னம் ஒட்டாத மாத்திரை. எனக்கு வேலை குறைந்தது என்று நினைத்தேன். ஒரு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தறிப்பட்டறையில் தார் சுற்றும் ஓர் அம்மா, ஐம்பது வயது இருக்கும். பதினைந்து வருடமாக என்னிடம் மருந்து வாங்குகிறவர். பழைய மருந்திலிருந்து புது மாத்திரைக்கு மாற்றியபோது, "ஒரு வேளைதானா? அப்ப மறந்துருவனுங்க சார்" என்றார். இரண்டு வேளைக்குப் பழகிய கை. மகளிர் பிரிவில் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும், மூட்டுவலிக்குக் கால்சியமும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடனே யோசனை வந்தது. "அந்த ரெண்டோட இதையும் சேத்துப் போட்ருங்கம்மா. ஒரே வேலையா முடிஞ்சுரும், மறக்கவும் மறக்காது." பக்கத்தில் இருந்த பயிற்சி மாணவியிடம், இதுதான் அட்ஹீரன்ஸ் கவுன்சலிங், அதாவது மருந்தை விடாமல் போட வைக்கும் ஆலோசனை, பழக்கத்தோடு பழக்கத்தைக் கோக்க வேண்டும் என்று வகுப்பும் எடுத்தேன்.

ஒரு வருடம் கழித்து வைரல் லோடு வந்தது. எப்போதும் வைரஸ் தென்படாதவருக்கு அறுநூற்றுச் சொச்சம். ஆலோசகர் கேட்டார், டாக்டர் கேட்டார், நான் கேட்டேன். எத்தனை நாள் விட்டீங்க? ஒரு நாள்கூட இல்லை என்றார். டப்பாவைக் கொட்டி எண்ணினேன், மீதி மாத்திரைக் கணக்குச் சரியாக இருந்தது. குப்பையில் போட்டுவிட்டுக் கணக்குக் காட்டுகிறவர்களும் உண்டு என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். நானும் மறுக்கவில்லை. பதினைந்து வருடம் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத அந்த அம்மா அழுதுகொண்டே போனார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி, "டீ குடிச்ச உடனே இரும்பு மாத்திரை போடாதீங்க, உடம்புல சேராது" என்று எனக்குச் சொன்னாள். தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

டோலுடெக்ராவிர் வேலை செய்வதே உலோகத்தைப் பிடித்துத்தான். வைரஸ் தன் பிரதியை நம் செல்லின் மரபணுவுக்குள் ஒட்ட ஒரு நொதி வைத்திருக்கிறது. அந்த நொதியின் நடுவில் இரண்டு மெக்னீசியம் அயனிகள். மருந்து போய் அவற்றைக் கவ்விக்கொள்ளும், நொதி செயலற்றுப்போகும். அதே கொக்கி வயிற்றில் இரும்பையும் கால்சியத்தையும் கண்டால் அவற்றையும் கவ்விக்கொள்ளும். கவ்வியது குடலைத் தாண்டாது. வெறும் வயிற்றில் இரும்போடு சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் ஏறும் மருந்து ஏறக்குறைய பாதி. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. பயிற்சியில் எழுதிவைத்த நோட்டில் இருக்கிறது: உலோகச் சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் பின்னால், இல்லாவிட்டால் சாப்பாட்டோடு சேர்த்து. ஆண்டாசிட் (அதிலும் உலோகம் உண்டு) என்ற வார்த்தையின் அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். கேஸ் மாத்திரையைப் பற்றி ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டவன், இரும்பு மாத்திரையை நானே கூட்டு சேர்த்துவிட்டேன்.

மறுநாள் அவர் போனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போக முடியாது, தெருவில் யாராவது பார்த்து யார் என்று கேட்டால் அவருக்குத்தான் சிக்கல். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் நெட்வொர்க்கில் வேலை செய்யும் ஒரு பெண் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள் வந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன்.

"தப்பு என்னோடதும்மா. நீங்க ஒழுங்காத்தான் போட்டிருக்கீங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்லலைன்னு அந்த டாக்டரு கிட்டயும் சொல்லுவீங்களா?"

கூட்டிப் போய்ச் சொன்னேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க? எப்பச் சாப்பிடுவீங்க?"

"அஞ்சுக்கு எந்திரிப்பனுங்க. ஆறுக்குப் பட்டறை. பத்து மணிக்குத் தறியை நிறுத்துவாங்க, அப்பத்தான் சோறு. அங்க வெச்சு மாத்திரை போட முடியாதுங்க, நாலு பேரு பாப்பாங்க."

"ராத்திரி?"

"ஏழரைக்குச் சாப்பிட்டுப்போட்டு சீரியல் பாப்பனுங்க. ஒம்பதுக்குப் படுத்துருவேன்."

ராத்திரி ஒன்பது மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் நடுவில் எட்டு மணி நேரம். காலை ஐந்திலிருந்து ராத்திரி ஒன்பதுக்குப் பதினாறு. இரும்பும் கால்சியமும் காலையிலேயே இருக்கட்டும், இதைச் சீரியல் முடிந்ததும். கேஸுக்கு ஜெலுசில் மாதிரி ஏதாவது குடிப்பீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சர்க்கரை உண்டா, மெட்ஃபார்மின் போடுகிறீர்களா என்றும் கேட்டேன், ஏனென்றால் இந்த மாத்திரையோடு அதை நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போடக்கூடாது. அதுவும் இல்லை. இத்தனையும் கேட்க இருபது நிமிடம் ஆனது. வெளியே வரிசையில் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து வைரஸ் மறுபடி தென்படவில்லை. ரிசல்ட்டைச் சொன்னபோது அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை வாங்கி லேபிளைக் கிழித்தார். நான் பஞ்சை நீட்டினேன்.

"வேண்டாமுங்க சார்," என்றார். "இப்ப டப்பாவோட எடுத்துட்டுப் போறதில்லை. மூக்குப்பொடி டப்பியில ரெண்டு போட்டு இடுப்புல செருகிக்குவேன். மிச்சம் டிவிக்குப் பின்னால இருக்குது."